தானாக வந்த வாக்கியம்

அத்தியாயம் 14

போன வாரம் ஹாலில் ஆணி அடிப்பதோடு நிறுத்தியிருந்தோம். அந்த ஆணியில் இப்போது ஒரு படம் தொங்குகிறது. இன்னும் பிறக்காத ஒரு முகம். மூக்கு அண்ணனுடையது என்று அண்ணியும், இல்லை அண்ணியுடையது என்று அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சப்பை மூக்கு, அதுதான் காரணம்.

படத்தை எடுத்தவள் டிகிரி. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்து, படிப்பையும் முடித்தவள் என்பதால் அண்ணன் வைத்த பெயர் அது. கேலியாக ஆரம்பித்துப் பெருமையாக மாறி, இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். இயற்பியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் நாயாய் அலைந்த பிறகு, ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்து ஒரு வருடமாகிறது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் இருக்கும் குழந்தையின் முகத்தைக் காட்டும் இடம். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் அதை ‘போட்டோ ஸ்டூடியோ’ என்பான்.

அண்ணிக்கு இது இருபத்திரண்டாவது வாரம்; குழந்தையின் உறுப்புகளை ஆஸ்பத்திரி ஸ்கேனில் பார்ப்பதற்குக் கடைசி வாரம். இரண்டு வருடத்துக்கு முன்னால் பதினோராவது வாரத்தில் ஒன்று தங்காமல் போனதும், பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் திரையை இந்தப் பக்கம் திருப்பாமலேயே ஒருவர் “வெளியில உக்காருங்க” என்று சொன்னதும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த முறை ஆஸ்பத்திரி கொடுத்த ஸ்கேன் தேதியை அண்ணி போன் போட்டு ரத்து செய்தாள். “எங்க வீட்டுப் பொண்ணே பாத்துட்டா. ரிப்போர்ட் கையில இருக்கு” என்று அவள் போனில் சொன்னபோது டிகிரி பக்கத்தில்தான் நின்றாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று வியாழக்கிழமை.

*

சென்டரில் காலையில் முதல் வேலை, ஜெல் பாட்டிலைச் சூட்டுப் பெட்டிக்குள் வைப்பது. ஜெல் சில்லென்று வயிற்றில் பட்டால் வருகிறவர்கள் திடுக்கிடுவார்கள். சென்டரை நடத்தும் மேடத்துக்கு அது பிடிக்காது. அப்புறம் சோபா மெத்தைகளைத் தட்டிப் போட வேண்டும். சுவரை அடைத்துக்கொண்டிருக்கும் டிவியைத் துடைக்க வேண்டும். அலமாரியில் கரடி பொம்மைகளை வரிசையாக நிறுத்த வேண்டும். கரடியின் வயிற்றை அமுக்கினால் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கும். பதிவு செய்து உள்ளே வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் மெஷினை ஆன் செய்வது.

இன்றைக்கு மெஷின் ஆன் ஆவதற்குள் ஒரு பெண் வந்துவிட்டாள். நிறைமாத வயிறு. கூட யாரும் இல்லை.

“நான் ஸ்கேனுக்கு வரல. உக்காரலாமா?”

பார்த்ததும் டிகிரிக்கு அடையாளம் தெரிந்தது. பள்ளிக்கூட டீச்சர். பதினைந்து வாரத்துக்கு முன்னால் வந்தபோது குழந்தை கொட்டாவி விட்டதைப் பார்த்து, வயிறு குலுங்கிப் படமே ஆடுகிற அளவுக்குச் சிரித்தவள்.

“எப்படி இருக்கீங்க மேம்? குட்டி இன்னும் கொட்டாவி விடுதா?”

டீச்சர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கண்ணாடி மேசையில் விரித்தாள். சென்டர் கொடுத்த ரிப்போர்ட். நடுவில் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

“நான் சண்டை போட வரல. எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். இதை நீங்க பாத்தீங்களா?”

‘இதயம்: நான்கு அறைகளும் தெரிகின்றன.’

“அது… அது தானா வரும் மேம்.”

“தானாவா?”

“ரிப்போர்ட்ல எல்லாருக்கும் வரும். நாங்க பேரு, வாரம், எடை மட்டும்தான் போடுவோம். மீதியெல்லாம் அதுவே…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் குரல் தன் காதில் விழுந்தது. டிகிரி நிறுத்திக்கொண்டாள்.

டீச்சர் அந்தத் தாளை நிதானமாக மடித்தாள். “இதைப் பாத்துட்டுத்தான், அதான் எல்லாம் நல்லாருக்கேன்னு ஆஸ்பத்திரி ஸ்கேனுக்குப் போகல. பரீட்சை நேரம் வேற, லீவு கிடைக்காது. போன வாரம் கால் வீங்குதுன்னு போனேன். அங்க பாத்தாங்க. நாலு அறை இல்லையாம். ஒரு பக்கம் வளரவே இல்லையாம். பொறந்ததும் ஆபரேஷன் பண்ணணும். அதைப் பண்ற இடத்துக்கு இங்கேயிருந்து ஏழு மணி நேரம்.”

டிகிரி எதிரில் உட்கார்ந்தாள்.

“முன்னாடியே தெரிஞ்சா மட்டும் என்ன பண்ணியிருப்பேன்னு தோணும் உங்களுக்கு. அங்கேயே போய் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருப்பேன். டாக்டர்கிட்ட பத்துத் தடவை போய்ப் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். பயப்படறதுக்கு எனக்குப் பதினஞ்சு வாரம் இருந்திருக்கும். இப்ப எல்லாத்தையும் மொத்தமா ஒரே வாரத்துல பயப்பட வேண்டியிருக்கு.” அவள் எழுந்தாள். “ஸ்கூல்ல ஒரு பையனுக்குப் பாஸ் போடறதுன்னாகூட, பேப்பரைத் திருப்பிப் பாத்துட்டுத்தான்மா போடுவோம்.”

வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள்.

“அந்தக் கொட்டாவி வீடியோ இங்க இருக்கா? என் போன்ல இருந்தது போயிடுச்சு. அதை அழிச்சிராதீங்க.”

அவள் திட்டியிருக்கலாம். செருப்பைக் கழற்றியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது டிகிரிக்கு. வீடியோவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தபோது இரண்டு முறை தவறான ஃபைலைத் தொட்டாள்.

*

ஒலி அலைகளைப் பற்றி இருபது மார்க் கேள்விக்குப் பதினெட்டு வாங்கியவள் டிகிரி. அலை போய் எதில் மோதும், எப்படித் திரும்பும், எந்த இடத்தில் நிழல் விழும், எல்லாம் தெரியும். சேர்ந்த புதிதில் ஆறு வாரம் பழக்கிவிட்ட அக்கா, கல்யாணமாகிப் போவதற்கு முந்தின நாள் ரிப்போர்ட் பக்கத்தைக் காட்டிச் சொன்னாள்: “இதைத் தொடாத. இது தானா வரும்.” மெஷினே பார்த்து மெஷினே எழுதுகிறது என்று டிகிரி நினைத்துக்கொண்டாள். ஒரு வருடமாக. மெஷினுக்குக் கண் எங்கே இருக்கிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டிருக்கலாம்.

போன மாதம் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்காக அண்ணனை மூன்று நாள் காய்ச்சி எடுத்தவள் இவள்தான்.

அண்ணியின் பதிவைத் திறந்தாள். மொத்தம் நாற்பத்தோரு படங்கள். முகம் முப்பத்தாறு. பாதம் மூன்று. கையால் கண்ணை மூடிக்கொண்டிருப்பது இரண்டு.

அவ்வளவுதான்.

அண்ணி வந்த அன்றைக்கு நடந்தது முழுவதும் ஞாபகம் வந்தது. பிள்ளை முகத்தைக் காட்டவில்லை என்று மேடமே தன் கையால் ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணியை இடப்பக்கம் திரும்பச் சொல்லி, வலப்பக்கம் திரும்பச் சொல்லி, எழுந்து நடக்கச் சொல்லி, முக்கால் மணி நேரம் அந்த முகத்துக்காகவே போனது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் சோபாவில் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான். முகம் தெரிந்ததும் அண்ணி அழுதாள். கரடிக்குள் வைக்க இதயத் துடிப்பைக் கேட்டார்கள். கேட்டார்கள். பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டில் அந்த வரி மட்டும் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே, சனிக்கிழமை மட்டும் வந்து மொத்த ரிப்போர்ட்டுகளிலும் போட்டுவிட்டுப் போகும் டாக்டரின் கையெழுத்து.

*

மேடம் பதினோரு மணிக்கு வந்தாள். கையில் இன்றைக்கு வருகிறவர்களுக்காக வாங்கிய பூங்கொத்து.

“மேடம், இங்க யாராவது இதயத்தைப் பாக்கறோமா?”

“துடிப்பு கேக்குறோமே.”

“அறைங்களை.”

“அதெல்லாம் ஆஸ்பத்திரில பாப்பாங்கம்மா. நம்ம ரிப்போர்ட் கீழயே போட்டிருக்கே, இது ஆஸ்பத்திரி ஸ்கேனுக்குப் பதில் இல்லேன்னு.”

“அது எறும்பு சைஸ்ல போட்டிருக்கு. நாலு அறையும் தெரியுதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.”

டிகிரி டீச்சர் வந்துபோனதைச் சொன்னாள். மேடம் பூங்கொத்தை வைக்க இடம் தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள்.

“பதினெட்டு வருஷம் அந்த ஆஸ்பத்திரில டோக்கன் கொடுத்தவ நான். சிரிச்சுக்கிட்டே உள்ள போவாளுங்க, முகத்தைத் தொங்கப்போட்டு வெளியே வருவாளுங்க. உள்ள என்ன இருக்குன்னு ஒருத்திக்காவது திரையைக் காட்டினது கிடையாது. அந்த வயித்தெரிச்சல்லதான் இதை ஆரம்பிச்சேன். நான் கொடுக்கறது சந்தோஷம்மா. வேற ஒண்ணும் இல்ல.”

அவள் சொன்னது பொய்யில்லை. போன வருடம் குழந்தையை இழந்துவிட்டு மறுபடி வந்த ஒரு பெண்ணின் கையை மேடம் இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை டிகிரியே பார்த்திருக்கிறாள்.

“சந்தோஷத்தைக் கொடுங்க மேடம், யாரு வேணாங்கறா. சந்தோஷத்துக்கு எதுக்கு ரிப்போர்ட்?”

“வெறுங்கையோட அனுப்பினா நல்லாவா இருக்கும்? மெஷின் விக்க வந்தவன் இதையும் போட்டுக் கொடுத்தான். பாக்க அழகா இருந்துச்சு. விட்டுட்டேன்.”

அழகாக இருந்ததாம். டிகிரிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒரு வருடமாக அந்த அழகான தாளை உறையில் போட்டு, ரிப்பன் கட்டி, இரு கையாலும் நீட்டியது யார்?

“ஆஸ்பத்திரி ஸ்கேனுக்கு இன்னும் வாரம் தாண்டாதவங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு பாத்து எல்லாருக்கும் போன் பண்ணணும்.”

“எல்லாருக்குமா? ஒரேயடியா எல்லார் வயித்துலயும் நெருப்பைக் கொட்டச் சொல்றியா? திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடு. யோசிக்கிறேன்.”

“எங்க அண்ணிக்குத் திங்கக்கிழமை வரைக்கும் டைம் இல்ல மேடம்.”

மேடம் நிமிர்ந்தாள். “உங்க அண்ணிக்கும் பாக்கலையா?”

“நாப்பத்தோரு படம். ஒண்ணுலகூட இல்ல.”

மேடம் பூங்கொத்தை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். “போ,” என்றாள். “மத்தியானம் வர்றவங்களை நான் பாத்துக்கறேன்.”

“பாக்காதீங்க மேடம். இன்னிக்கு யாரையும் பாக்காதீங்க.”

வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

*

அண்ணி பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவள். பின்கட்டில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு விளக்கு. கிரீம் பையைக் கக்கத்தில் அணைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவாள். எழுதி முடிக்கும் வரை யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள்.

“என்னடி, இந்த நேரத்துல? போட்டோ ஸ்டூடியோவுக்கு லீவா, இல்ல உன்னைத் துரத்திட்டாங்களா?”

“அண்ணி, ஒரு விஷயம். அந்தப் பையைக் கீழ வைங்க.”

“ஒரு எழுத்து பாக்கி இருக்கு. நீ சொல்லு, காது சும்மாதானே இருக்கு.”

டிகிரி சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைக்க அவளுக்கு வராது. டீச்சர், தானாக வரும் வரி, நாற்பத்தோரு படங்கள். அண்ணி அந்தக் கடைசி எழுத்தைப் பிசிறில்லாமல் எழுதி முடித்தாள். பையைக் கீழே வைத்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.

“துடிப்பு கேட்டுச்சே.”

“கேட்டுச்சு.”

“கரடிகூட வீட்ல இருக்கே. தினமும் அமுக்கி அமுக்கிக் கேக்கறேனே.”

“துடிப்பு வேற அண்ணி. துடிச்சா ஓடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். உள்ள எப்படிக் கட்டியிருக்குன்னு பாத்தாத்தான் தெரியும்.”

“நீ பாத்தேன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“‘எல்லாம் சூப்பரா இருக்கு அண்ணி’ன்னு சொன்ன.”

“எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வேன்.”

“நான் எல்லாருமாடி?”

டிகிரியால் நிமிர முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது காரணங்களை அடுக்கி வைத்திருந்தாள்: பழக்கிவிட்ட அக்கா, மெஷின் விற்றவன், மேடம், சனிக்கிழமை டாக்டர். இந்த மேசைக்கு முன்னால் அதில் ஒன்றுகூட நிற்கவில்லை.

“எனக்குத் தெரியாதுங்கறதே எனக்குத் தெரியல அண்ணி.”

“நான் பேரைத் தப்பா எழுதினா சுரண்டிட்டு, மேல கிரீம் தடவி, மறுபடி எழுதிடுவேன். நீ எழுதினதை எங்கேருந்துடி சுரண்டறது?”

“ஆஸ்பத்திரில பாத்துடலாம். இன்னிக்கே. இன்னும் ரெண்டு மூணு நாள் போனா லேட்டாயிடும்.”

“அந்த ரூமுக்கு நான் வரமாட்டேன்.”

“அண்ணி…”

“வரமாட்டேன். அந்தக் காரிடார்ல நான் உக்காந்திருந்ததை நீ பாத்தியா? எப்படிப் பாப்ப, அன்னிக்கு நீ பரீட்சை எழுதிட்டு இருந்த.”

அதுவும் உண்மை. கடைசி வருடம், கடைசிப் பரீட்சை. வலி ஆரம்பித்த காலையில் அண்ணி வாயைத் திறக்காமல் டிபன் கட்டிக் கொடுத்து, பேனா எடுத்துக்கொண்டாயா என்று கேட்டு அனுப்பிவைத்தாள். பரீட்சை முடிந்து வந்த பிறகுதான் டிகிரிக்கு விஷயமே தெரியும். அந்தப் பட்டத்தில் அண்ணியின் ஒரு நாளும் இருக்கிறது.

அண்ணி போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். எதிர்முனையில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல எதிரொலித்தது. லிஃப்ட் குழிக்குள் இருந்தான்.

“உங்க தங்கச்சி பாக்காமலே பாத்தேன்னு எழுதிக் கொடுத்திருக்கா. புள்ளையோட இதயத்தை. திரும்ப அந்த ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்.”

ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் எதிரொலித்தது.

“அவகிட்ட குடு.”

டிகிரி வாங்கினாள்.

“பாத்தியா, பாக்கலியா?”

“பாக்கல அண்ணா.”

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். “ரெண்டு பேர் உள்ள மாட்டியிருக்காங்க. எடுத்துவிட்டுட்டு வர்றேன். நீங்க முன்னாடி போங்க.” அப்புறம், “போன தடவை மாதிரி அவளைத் தனியா உள்ள விடாத,” என்றான்.

அண்ணி குழாயடியில் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

“மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. உள்ள இருக்கறதுக்காக வர்றேன்.”

*

ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “ரத்து பண்ணியிருக்கீங்களேம்மா. வெளியில பாத்தாச்சுன்னு போட்டிருக்கு.”

“வெளியில பாத்தது நான்தான்,” என்றாள் டிகிரி. “பாக்கல.”

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். கடைசியில் உட்காரச் சொன்னார், இடம் கிடைத்தால் கூப்பிடுவதாக.

இரண்டு மணி நேரம். அண்ணி நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். அந்தக் காலி நாற்காலியில் கைப்பையை வைத்தாள். டிகிரி வாங்கிவந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டாள், அவளைப் பார்க்கவில்லை.

உள்ளே மெஷினில் இருந்தவள் ஐம்பது வயதைத் தொடுகிற பெண்மணி. வருடக்கணக்காக அழுத்தி அழுத்திப் பார்த்ததில் கை போய்விட்டது போலும், மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள். திரை அவள் பக்கம்தான் இருந்தது. அண்ணியின் விரல்கள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டன.

“அந்தத் திரையைக் கொஞ்சம் இவங்க பக்கம் திருப்ப முடியுமா?” என்றாள் டிகிரி. குரல் கொஞ்சம் சூடாகத்தான் வந்தது.

“முடிச்சதும் காட்டறேன்மா. நடுவுல இவங்க முகத்தைப் பாத்தா எனக்குக் கண்ணு அலையும். ஒண்ணை விட்டுடுவேன்.” அவள் கோபப்படவில்லை. “என்ன பாக்கறேன்னு வாயால சொல்லிக்கிட்டே வர்றேன். சரியா?”

அண்ணி தலையாட்டினாள்.

“தலை. சரி. முதுகெலும்பு, மேலேருந்து பாக்கறேன்… கீழ வரைக்கும் சரி. ரெண்டு கிட்னி. வயிறு.” ஒவ்வொன்றுக்கும் அவள் எடுத்துக்கொண்ட நேரத்தை டிகிரி பார்த்துக்கொண்டே நின்றாள். சென்டரில் இவ்வளவு நேரத்தில் மூன்று பேருக்கு முகம் காட்டியிருப்பாள்.

இதயத்துக்கு வந்ததும் அந்தப் பெண்மணி பேசுவதை நிறுத்தினாள். அழுத்தினாள். சாய்த்தாள். அண்ணியைத் திரும்பிப் படுக்கச் சொன்னாள். கால் மணி நேரம் ஆயிற்று.

“குப்புறப் படுத்திருக்கு உங்க ஆளு. ரெண்டு அறை நல்லாத் தெரியுது. மத்ததெல்லாம் முதுகெலும்பு நிழல்ல கிடக்கு. அரை மணி நேரம் நடந்துட்டு வாங்க, திரும்பலாம். டாக்டரையும் ஒரு தடவை பாக்கச் சொல்றேன்.”

“எதுக்கு டாக்டர்?” அண்ணியின் குரல் கிறீச்சிட்டது.

“நான் பாக்காததை நான் எழுதமாட்டேன்மா. அதுக்கு.”

அவள் பேனாவால் படிவத்தில் எழுதினாள். டிகிரி தலைகீழாகவே படித்துவிட்டாள்: ‘இதயம்: முழுமையாகப் பார்க்க முடியவில்லை. மீண்டும்.’

சென்டரில் இதுவரை நானூறு ரிப்போர்ட்டாவது கொடுத்திருப்பாள். முடியவில்லை என்ற ஒரு சொல், அதில் எதிலும் இல்லை.

*

காரிடாரில் நடந்தார்கள். அந்தக் கோடி வரை போய்த் திரும்பினால் எண்பது அடி. நாலாவது சுற்றில் அண்ணி நின்றாள்.

“நல்லா இருக்கும்னு சொல்லுடி.”

‘எல்லாம் சூப்பரா இருக்கு அண்ணி.’ ஒரு வருடப் பழக்கம், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டிகிரி அதை விழுங்கினாள்.

“தெரியல அண்ணி.”

“பொய்யாவது சொல்லேன்.”

“மாட்டேன்.”

அண்ணியின் கண் நிறைந்து வழிந்தது. அடிப்பதற்குக் கை ஓங்குவதுபோலத்தான் தெரிந்தது. அந்தக் கை டிகிரியின் தோளில் விழுந்து, மொத்த பாரத்தையும் அதன்மேல் போட்டுக்கொண்டது.

“அப்ப நட,” என்றாள்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கிரீஸ் கறையோடு அண்ணன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

“நாலு மாடி ஏறியா வந்தீங்க? லிஃப்ட் இருக்குல்ல?” என்றாள் அண்ணி, மூக்கை உறிஞ்சியபடி.

“அதோட சத்தம் சரியில்ல. நான் ஏறமாட்டேன்.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “உங்க குடும்பமே இப்படித்தான்,” என்றாள்.

டிகிரியின் போன் அதிர்ந்தது. மேடம். எடுப்பதா வேண்டாமா என்று யோசித்து, ஓரமாகப் போய் எடுத்தாள்.

“லிஸ்ட் எடுத்துட்டேன்மா,” என்றாள் மேடம். “வாரம் தாண்டாதவங்க அம்பத்திரண்டு பேர். முதல் பொண்ணுக்குப் போட்டேன். எடுத்ததுமே, ‘மேடம், ஃபிரேம் ரெடியாயிடுச்சா’ன்னு கேக்குது. ஆமான்னு சொல்லி வெச்சுட்டேன். என்ன சொல்லணும்னு நீ சொல்லு.”

“அண்ணிகிட்ட நான் சொன்னதுதான் மேடம். பாக்கல, ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“திட்டுவாங்களே.”

“திட்டுவாங்க மேடம்.”

மேடம் பதில் சொல்வதற்குள் ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. பட்டை கட்டிய கை ஒன்று நீண்டு இவர்களைக் கூப்பிட்டது. உள்ளே மெஷினுக்கு முன்னால் இப்போது டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

“கூட ஒருத்தர்தான் வரலாம்.”

அண்ணன் சட்டையைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அண்ணி அவன் மார்பில் கைவைத்து நிறுத்தினாள்.

“நீங்க இருங்க. இவ வரட்டும்.” டிகிரியைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள். “இந்தத் தடவையாவது பாக்கட்டும்.”

டிகிரி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அங்கிருந்து திரை சாய்வாகத் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. ஒரு மூக்கு நுனி வந்து மறைந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. டாக்டர் கருவியை மெல்லச் சாய்த்தார். கறுப்புப் புள்ளிகள் திறந்து மூடின, திறந்து மூடின.

“திரும்பியிருக்கு,” என்றாள் அந்தப் பெண்மணி. சொன்ன வாக்குப்படியே வாயால் சொல்லிக்கொண்டு வந்தாள். “இது ஒண்ணு. இது ரெண்டு.”

அண்ணி திரை இருந்த பக்கமே திரும்பவில்லை. டிகிரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“மூணு,” என்றாள் அந்தப் பெண்மணி.

டாக்டரின் கை நின்றது. “ஒரு நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு, விளக்கை இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

(தொடரும்)